தறிச் சத்தத்தில் டிஎஸ்பி: சேலத்து ஆசிரியர் வட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மாதிரி வீதம் நொடிக்கு 8000. எட்டுப் புள்ளி டிஎஃப்டி, அதாவது சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கணக்கை, எடுக்கிறோம். பூஜ்ஜியத்தில் தொடங்கி எண்ணினால், விடையில் மூன்றாம் புள்ளி எத்தனை ஹெர்ட்ஸைக் குறிக்கும்?

டிஜிட்டல் சிக்னல் பிராசசிங், சுருக்கமாக டிஎஸ்பி, எடுக்கும் எந்த ஆசிரியரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி இது. 8000ஐ 8ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் 3000 ஹெர்ட்ஸ். ஆனால் இந்தக் கணக்கை விரைவாகப் போடும் வழியைக் கோடுகளால் காட்டும் எட்டுப் புள்ளி பட்டர்ஃப்ளை படத்தை ஸ்கேல் வைத்துப் பிசகில்லாமல் போட்டு 13 மார்க்கையும் முழுசாக வாங்கிவிடும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கோடு எங்கே போகும், மைனஸ் எங்கே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கிடைத்த எண் எதைப் பற்றியது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

சேலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டிஎஸ்பி எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் கூடி இதை மாற்ற முயன்றோம். கல்லூரிகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். இதே பாடத்தை எடுப்பவர்கள் தங்கள் ஊரில் செய்து பார்க்க வசதியாக இருக்கும் என்பதால் கணக்குகளையும் சேர்த்தே தருகிறேன்.

பாடம் யார் கைக்கு வருகிறது

சேலத்துக்குப் பொறியியல் படிப்பு புதிதல்ல. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966இல் தொடங்கியது. அப்புறம் ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், ஆத்தூர் என்று எல்லாத் திசையிலும் தனியார் கல்லூரிகள் வந்தன. இசிஇ, அதாவது மின்னணு தகவல்தொடர்புத் துறை, இல்லாத கல்லூரி அரிது. அங்கே டிஎஸ்பி எடுப்பவர் சிக்னல் பிராசசிங்கில் எம்.இ. முடித்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. விஎல்எஸ்ஐ என்னும் சிப் வடிவமைப்பு படித்தவர், அப்ளைடு எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்று டைம்டேபிளில் யாருக்கு இடம் இருக்கிறதோ அவர் கைக்குப் பாடம் போகும். பருவம் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, "மேடம், இந்தத் தடவை டிஎஸ்பி நீங்க பாத்துக்குங்க" என்று துறைத் தலைவரான எச்ஓடி சொல்வார். அவருக்கும் வேறு வழி இருக்காது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் வழக்கமாக ஐந்து யூனிட்டாக வரும்: டிஎஃப்டி, ஐஐஆர் ஃபில்டர், எஃப்ஐஆர் ஃபில்டர், ஃபைனைட் வேர்ட் லெங்த் விளைவுகள் (எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் அடக்குவதால் வரும் பிழைகள்), டிஎஸ்பி பிராசசர். எல்லாவற்றிலும் கையால் போடும் கணக்கு உண்டு. அதைப் போர்டில் போட்டுக் காட்டுவதில் எங்களுக்குக் குறையில்லை. பட்டர்வொர்த் ஃபில்டரை பைலீனியர் முறையில் மாற்றுவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

சங்கடம் லேபில்தான். கொடுத்த புரோகிராமை ஓட்டினால் படம் வரும், மாணவர்கள் அதை ரெக்கார்டில் ஒட்டுவார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். உள்ளே போகும் சிக்னல் எப்போதும் புரோகிராமிலேயே உருவாக்கிய சைன் அலை. அது சொன்னபடி கேட்கும். எதிர்பாராத படம் வந்து, "ஏன் சார் இப்படி வருது?" என்று ஒரு மாணவர் கேட்கும் நிலையே வராது. அப்படி ஒரு கேள்வி வராமலேயே பத்து வருடம் டிஎஸ்பி எடுத்துவிட முடியும். இதைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

பயிற்சியே கிடைப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். ஏஐசிடிஇயின் அடல் அகாடமி எஃப்டிபி என்னும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. கல்லூரிகள் தாங்களாகவும் நடத்துகின்றன. நல்ல ஆட்கள் வந்து மனம் விட்டுப் பேசிய எஃப்டிபிகளில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு வாரத்துக்குள் வேவ்லெட், டீப் லேர்னிங், ஐஓடி என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவார்கள். நமக்குச் சந்தேகம் வருவது அடுத்த பருவத்தில், லேபில் முப்பது பேர் காத்திருக்கும்போது. அப்போது பயிற்சி கொடுக்க வந்தவர் சென்னையிலோ பெங்களூரிலோ தன் வேலையில் இருப்பார்.

பாடப்பொருளுக்கும் பஞ்சமில்லை. ஆலன் ஒப்பன்ஹைம் எம்ஐடியில் 1975இல் பதிவு செய்த டிஎஸ்பி விரிவுரைகள் இன்று எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் இலவசம். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி டெல்லியின் எஸ்.சி. தத்தா ராய், ஐஐடி பாம்பேயின் வி.எம். கத்ரே இருவரும் முழுப் பாடத்தையும் எடுத்திருக்கிறார்கள். ஐஐடி பாம்பேயின் ஃபாஸீ திட்டத்தில் பாடநூல் கணக்குகளுக்கான சைலேப் நிரல்கள் கிடைக்கின்றன. ஸ்போக்கன் டுட்டோரியலில் சில மென்பொருள் பாடங்கள் தமிழிலேயே உண்டு. மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளின் உரிமம் இல்லாத கல்லூரிக்கு அதேபோன்ற இலவச ஆக்டேவ் இருக்கிறது, பைத்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சிக்னல் பாடம் எடுத்துவந்த ரிச்சர்டு பரானியூக் 1999இல் கனெக்ஷன்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரு ஆசிரியர் எழுதிய பாடத்தை இன்னொருவர் எடுத்து, தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றி, திரும்பவும் பொதுவில் வைக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. பின்னாளில் ஓப்பன்ஸ்டாக்ஸாக வளர்ந்தது அதுதான். திறந்த பாடநூல் இயக்கத்தின் ஒரு வேர் நம் பாடத்தின் ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அடுத்தது, கேத்லீன் வேஜும் ஜான் பக்கும் சேர்ந்து உருவாக்கிய சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் கான்செப்ட் இன்வென்டரி. 25 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மாணவருக்குக் கருத்து புரிந்ததா என்று பார்ப்பதுதான் நோக்கம், நீண்ட கணக்குக்கு அதில் வேலையில்லை. இந்த ஆய்வின் முதல் வரியில் உள்ள கேள்வியை அந்த மனநிலையில்தான் நாங்கள் அமைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் இருந்தும் வகுப்பு மாறவில்லை என்றால் குறை எங்கே? கேட்பதற்கு ஆள் இல்லை. "இது இப்படி வந்திருக்கு, ஏன்னு தெரியல" என்று கூச்சமில்லாமல் சொல்ல ஒரு இடம் இல்லை. சொந்தத் துறையில் சொன்னால் பாடம் தெரியாதவர் என்று ஆகிவிடுமோ என்ற பயம். வேறு கல்லூரியில், அதே பாடத்தை, அதே வாரத்தில் எடுக்கும் ஒருவரிடம் சொல்வதில் அந்தப் பயம் குறைவு. வட்டம் அப்படித்தான் உருவானது.

அம்மாபேட்டைத் தறிக்கூடம்

முதல் கூட்டத்தில் ஒரு விதி வைத்தோம். யாரும் ஸ்லைடு போட்டு வகுப்பு எடுக்கக் கூடாது. எல்லோரும் ஒரே சிக்னலை எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அந்தச் சிக்னல் நம் ஊரிலிருந்து வர வேண்டும். என்ன எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, விசைத்தறித் தெருவில் வளர்ந்த ஒருவர் சொன்னார்: "தறி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பிக் ஓடுதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கலாமே."

பிக் என்பது நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊடையை இழுத்துக்கொண்டு போகும் ஒரு ஓட்டம். சாதாரண நாடாத் தறி நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றைம்பது பிக் வரை ஓடும். நொடிக்குச் சுமார் 1.7இலிருந்து 2.5 வரை. அதாவது நாங்கள் தேடுவது 2 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கோடு. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்தோம். நொடிக்கு 48,000 மாதிரி, டபிள்யூஏவி வடிவம். போனில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். அது தறிச் சத்தத்தையே இரைச்சல் என்று எண்ணி அழுத்திவிடும்.

ஒரு நிமிடப் பதிவில் 28,80,000 மாதிரிகள். டிஎஃப்டியை வரையறையிலிருந்து நேரடியாகப் போட்டால் 8 லட்சம் கோடிக்கு மேல் பெருக்கல்கள். அதே கணக்கை விரைவாகப் போடும் எஃப்எஃப்டியில் சுமார் 3 கோடியில் முடிகிறது. கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட முறை ஏன் உலகத்தைப் புரட்டியது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எட்டுப் புள்ளிப் படத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

எஃப்எஃப்டி போட்டோம். 2 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சொல்லும்படி எதுவுமே இல்லை.

அன்றைக்கு மாலை முழுக்க இதற்கே போனது. நிரலில் பிழை என்றார் ஒருவர். போன் சரியில்லை என்றார் இன்னொருவர். போன் மேல் சொன்ன சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. பேச்சைப் பதிவு செய்வதற்கான கருவி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும். ஆனால் பெரிய காரணம் வேறு. நாடாவை அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும் கூரிய சத்தம். அதன் ஆற்றல் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கிறது. நொடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்குவது அந்தச் சத்தத்தின் அளவு. காற்றில் 2 ஹெர்ட்ஸ் அலை என்று ஒன்று பெரிதாக இல்லை. ஆகவே முதலில் மாதிரிகளின் குறியை நீக்கி எல்லாவற்றையும் நேர் எண்ணாக்க வேண்டும், பிறகு தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் லோபாஸ் ஃபில்டரில் விட்டு மேலுறையை, அதாவது சத்தத்தின் அளவு ஏறி இறங்கும் வளைவை, எடுக்க வேண்டும், அந்த மேலுறைக்குத்தான் எஃப்எஃப்டி. ஏஎம் ரேடியோவில் டயோடும் கெபாசிட்டரும் செய்யும் அதே வேலை. எங்களில் எல்லோருக்கும் ஏஎம் தெரியும். வேறு பாடத்தில் படித்தது இங்கே வந்து நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

மேலுறையைப் போட்டதும் 2.3 ஹெர்ட்ஸில் தெளிவாக ஒரு கோடு. நிமிடத்துக்கு 138 பிக். ஆனால் கூடவே 1.15 ஹெர்ட்ஸிலும் ஒரு கோடு நின்றது. சரியாகப் பாதி. அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள் வருவது பாடத்தில் உண்டு, பாதி வருவதற்குப் பாடத்தில் விளக்கம் இல்லை. பதிவின் இரு முனைகளையும் மெல்ல அடக்கும் விண்டோவை மாற்றிப் பார்த்தோம், நீளத்தை மாற்றிப் பார்த்தோம், அது போகவில்லை. கடைசியில் தறி ஓட்டுபவரிடமே கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாடா இந்தப் பக்கமிருந்து ஒரு அடி, அந்தப் பக்கமிருந்து ஒரு அடிங்க சார். ரெண்டும் ஒரே மாதிரி சத்தம் குடுக்காது. வலது பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு."

தறியின் கிராங்க் ஷாஃப்ட் ஒரு பிக்குக்கு ஒரு சுற்று. அடிக்கும் பொறியை இயக்கும் கீழ் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும், ஏனென்றால் வலது அடி இரண்டு பிக்குக்கு ஒருமுறைதான் வரும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஒலித்தால் திரும்ப வரும் காலம் ஒரு பிக். ஒலி வேறுபட்டால் அந்தக் காலம் இரண்டு பிக். அதுதான் 1.15 ஹெர்ட்ஸ் கோடு. சரிபார்க்க வலது அடியை மட்டும் ஒரு நிமிடம் எண்ணினோம், 69 வந்தது. ஃபூரியே தொடரில் சிக்னலின் காலம் எது என்பதை முதலில் சரியாகத் தீர்மானிக்க வேண்டும் என்று வருடா வருடம் சொல்கிறோம். அதை இவ்வளவு துல்லியமாக விளக்கியவர் தறி ஓட்டுபவர்தான்.

அடுத்தது பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் திறன். ஒரு நொடிப் பதிவை மட்டும் வெட்டி எஃப்எஃப்டி போட்டால் புள்ளிகளுக்கு இடைவெளி 1 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 60 பிக். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 20 நொடி எடுத்தால் இடைவெளி 0.05 ஹெர்ட்ஸ், 3 பிக். ஒரு ஆசிரியர், ஒரு நொடிப் பதிவின் பின்னால் 19 நொடிக்குப் பூஜ்ஜியங்களைச் சேர்த்துவிட்டால் போதுமே என்றார். நல்ல கேள்வி. பல வகுப்புகளில் இதற்குத் தவறான பதில்தான் சொல்லப்படுகிறது. செய்து பார்த்தோம். பக்கத்தில் 132 பிக்கில் ஓடிய இன்னொரு தறியையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தோம். 2.2, 2.3 என்று இரண்டு கோடுகள் வர வேண்டும். பூஜ்ஜியம் சேர்த்த பதிவில் வளைவு வழவழப்பாக இருந்தது, ஆனால் ஒரே மேடு. 0.1 ஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிரிக்கக் குறைந்தது 10 நொடி உண்மையான பதிவு வேண்டும். ஹானிங் விண்டோ போட்டால் மேடு இரட்டிப்பு அகலமாகும், சுமார் 20 நொடி வேண்டும். நிஜமான 20 நொடியை எடுத்தபோது இரண்டு மேடுகளும் தனித்தனியாக வந்தன. அன்று அந்த அறையில் இருந்த யாரும் இனி பூஜ்ஜியம் சேர்த்தால் பிரிதிறன் கூடும் என்று வகுப்பில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு தடங்கல், பாடத்தின் நான்காம் யூனிட்டிலிருந்து வந்தது. மேலுறை எடுக்க ஒருவர் 10 ஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண்ணில் எட்டாம் வரிசை பட்டர்வொர்த் ஃபில்டரை நேரடியாக 48,000 வீதத்திலேயே போட்டார். வெளியீடு எங்கேயோ போய், கணினி எண்ணே இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபில்டரின் நடத்தையைத் தீர்மானிக்கும் துருவங்கள் அலகு வட்டத்துக்குள் இருந்தால்தான் ஃபில்டர் நிலையாக இருக்கும்; இங்கே அவை எல்லாம் அலகு வட்டத்தில் 1 என்ற புள்ளிக்கு மிக அருகில் குவிந்துவிடுகின்றன. எட்டையும் ஒரே பல்லுறுப்புக் கோவையாக விரித்து எழுதினால், குணகத்தில் பதினாறாவது இலக்கத்தில் வரும் பிழைகூடத் துருவத்தை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். இரண்டு வழி உண்டு. இரண்டாம் வரிசைத் துண்டுகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டலாம். அல்லது மாதிரி வீதத்தைப் படிப்படியாக 100 வரை குறைத்துவிட்டு அப்புறம் ஃபில்டர் போடலாம். பரீட்சைக்காக மட்டும் படிக்கும், துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் காஸ்கேட் வடிவம் எதற்காக இருக்கிறது என்பது அன்றுதான் கைக்கு எட்டியது.

ஏற்காட்டில் சில்வண்டு

கோடை விடுமுறையில் ஒரு கூட்டத்தை ஏற்காட்டில் வைத்தோம். சுமார் 1500 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. காபித் தோட்டங்களில் பொழுது சாயும் நேரத்தில் சில்வண்டு கத்துவது காதை அடைக்கும். அதைப் பதிவு செய்து பார்த்தால் ஆற்றல் 5.6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருந்தது.

48,000 வீதப் பதிவில் ஆறில் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டால் வீதம் 8000. அதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. 5.6 மடிந்து 8 கழித்தல் 5.6, அதாவது 2.4 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்கார்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் அதே தாளம், ஆனால் வேறு ஏதோ பூச்சி கத்துகிறது. வீசும் முன் லோபாஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் பூச்சியே கேட்காது. அலியாசிங் என்பதற்கு நாங்கள் போர்டில் போடும் இரண்டு சைன் அலைப் படம் கண்ணுக்குத்தான் புரியும். இது காதுக்குப் புரிகிறது. இல்லாத பூச்சியைக் கேட்பதைவிட இருந்த பூச்சியை இழப்பது மேல் என்பதைப் பற்றி அன்று இரவு நல்ல விவாதம் நடந்தது. அளவீட்டுக் கருவி செய்பவர்களுக்கு அது முக்கியமான வேறுபாடு.

வெளியிலிருந்து வந்த தரவு

ஊர்ச் சத்தத்தோடு நின்றுவிடவில்லை. இசிஜி இல்லாமல் டிஎஸ்பி லேப் முழுமையாகாது. மருத்துவ சிக்னல்களைத் திறந்துவைக்கும் ஃபிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் இதயத் துடிப்புத் தரவுத்தொகுப்பு திறந்தே கிடக்கிறது. அரை மணி நேரப் பதிவுகள் 48, நொடிக்கு 360 மாதிரி. எங்கள் பழைய லேப் கேள்வி, "இசிஜியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை நீக்குக". இந்தத் தரவில் அந்த ஃபில்டரைப் போட்டால் எதுவும் மாறுவதில்லை. பதிவு நடந்தது பாஸ்டனில், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சில பதிவுகளில் இரைச்சல் 30இலும் இருக்கிறது. அவற்றைக் காந்த நாடாவிலிருந்து இரட்டை வேகத்தில் ஓட்டிக் கணினிக்கு மாற்றினார்கள். மாற்றும்போது நுழைந்த 60 ஹெர்ட்ஸ் இரைச்சல், நோயாளியின் நேரக்கணக்கில் 30 ஆகிவிட்டது. இதெல்லாம் தரவோடு வரும் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் விளக்கத்தைப் படிக்கும் பழக்கத்தை நாங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. இப்போது லேப் கேள்வியின் முதல் பகுதியே அதுதான்: இந்தத் தரவு எங்கே, எப்போது, எந்தக் கருவியில் பதிவானது?

360 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததிலும் அழகு உண்டு. 60 ஹெர்ட்ஸ் அதில் ஆறில் ஒரு பங்கு, வட்டத்தில் 60 டிகிரி. அங்கே ஃபில்டரின் பூஜ்ஜியத்தை வைத்தால், அதாவது அந்த அதிர்வெண்ணை முழுதாக அடக்கினால், குணகங்கள் 1, -1, 1. பெருக்கலே வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். அன்றைய கணினிகளுக்கு இது பெரிய வரம். நம் ஊரின் 50 ஹெர்ட்ஸுக்கு இதே மாதிரி எளிய ஃபில்டர் வேண்டுமானால் மாதிரி வீதம் என்னவாக இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டோம். 300 என்றார்கள் சிலர். 200 என்றும் வந்தது. 200இல் 50 ஹெர்ட்ஸ் 90 டிகிரியில் விழும், இப்போதைய மாதிரியோடு இரண்டு மாதிரிக்கு முந்தையதைக் கூட்டினால் முடிந்தது. இரண்டுமே சரி.

கருவி

பல லேப்களில் ஐந்தாம் யூனிட்டுக்காக வாங்கிய டிஎஸ்பி கிட்கள் அலமாரியில் இருக்கின்றன. 225 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மிதவைப்புள்ளி சிப், நல்ல ஆடியோ கோடெக், உறுதியான போர்டு. ஆனால் அவற்றோடு வந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. புது கணினியில் டிரைவர் ஏறாது. ஒரு கல்லூரியில் பழைய கணினி ஒன்றை நெட்டில் சேர்க்காமல் இதற்காகவே வைத்திருக்கிறார்கள், அது நல்ல யோசனை. மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது ஈஎஸ்பி32 போர்டும் ஒரு டிஜிட்டல் மைக் மாட்யூலும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். டிஎஸ்பிக்கென்றே செய்த சிப்பின் கட்டமைப்பை இதில் காட்ட முடியாது. ஃபில்டர் நேரத்துக்குள் ஓடி முடிக்கிறதா, இல்லை மாதிரிகள் தவறுகின்றனவா என்பதைக் காட்ட இது போதும். என் கணிப்பில் மூன்றாமாண்டு மாணவருக்கு அதுதான் முதலில் தேவை.

ஆக்டேவுக்கு மாறுபவர்களுக்கு ஒரு சொல். பட்டர்வொர்த் போன்ற ஃபில்டர் கட்டளைகள் சிக்னல் பேக்கேஜை ஏற்றிய பிறகுதான் வேலை செய்யும். அதைத் தெரியாமல், ஆக்டேவில் ஃபில்டரே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. மேட்லேப், ஆக்டேவ் இரண்டிலும் வரிசை 1இல் தொடங்கும், பைத்தானில் 0இல். இந்த ஒன்று மாறுவதால் அதிர்வெண் அச்சு ஒரு புள்ளி தள்ளிப்போய், 2.3 ஹெர்ட்ஸ் கோடு வேறு இடத்தில் நின்ற ரெக்கார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

மாறியதும் மாறாததும்

வைவா மாறிவிட்டது. "எஃப்எஃப்டி என்றால் என்ன?" என்று கேட்பதை எங்களில் பெரும்பாலோர் விட்டுவிட்டோம். மாணவரின் சொந்தப் பதிவைத் திறந்துவைத்து, "இந்த மேடு எங்கேர்ந்து வருது?" என்று கேட்கிறோம். மாணவர்கள் கொண்டுவரும் சத்தங்கள் எங்கள் கற்பனைக்கு மேலே போகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண் கொலுசு முத்துகளின் ஒலியைக் கொண்டுவந்தார். சேலம் ஜங்ஷனில் வண்டி நெருங்கும்போதும் விலகும்போதும் ஹாரன் சுருதி மாறுவதை ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டார் ஒருவர். ஜவ்வரிசி ஆலை மோட்டாரில் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் ஏன் ஓங்கியிருக்கிறது என்று கேட்டு, இஇஇ துறை ஆசிரியரையும் வட்டத்துக்குள் இழுத்து வந்தார் இன்னொருவர். காந்த இழுவிசை ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சம் தொடுவதால் அப்படி.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத முடியாது. சிலர் ஒரு கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் என்பது சிறு குழந்தைகள் உள்ள ஆசிரியைகளுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகு, கல்லூரி வேலை நாளில் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மாற்றினோம். அதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாத பயிற்சி அப்ரைசலில் எங்கும் ஏறாது, ஆகவே புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்கு இதில் நேரம் செலவிடுவது கடினம். இது நியாயமான கவலை. ஒரு கல்லூரி நிர்வாகம் இந்தக் கூட்டங்களைத் துறைப் பணியாகவே பதிவு செய்ய ஒப்புக்கொண்டது. மற்றவையும் அப்படிச் செய்தால் பெரிய செலவில்லாமல் பெரிய உதவி. பல்கலைக்கழகத் தேர்வு மாறவில்லை. பட்டர்ஃப்ளை படத்தை மாணவர் போட்டே ஆக வேண்டும், நாங்களும் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். தறிப் பயிற்சியை முடித்த மாணவர்கள் அந்தப் படத்தைப் போடும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஹெர்ட்ஸ் எழுதுகிறார்கள், யாரும் கேட்காமலே.

வேறு ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் சேலத்துத் தறியை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. திருப்பூரில் நிட்டிங் மெஷின் இருக்கிறது, சிவகாசியில் அச்சு இயந்திரம் இருக்கிறது. சத்தத்தை உண்டாக்குபவரோ இயந்திரத்தை ஓட்டுபவரோ பக்கத்தில் இருக்க வேண்டும், அவரிடம் போய்க் கேட்க முடிய வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு 1.15 ஹெர்ட்ஸைப் புரியவைத்தது அதுதான்.

பதினாறு பிட் நிலைப்புள்ளிக் கணக்கை இன்னும் ஒழுங்காகத் தொடவில்லை. அடுத்து அதுதான். அதே மேலுறை ஃபில்டரின் குணகங்களைப் பதினாறு பிட்டுக்குச் சுருக்கி ஈஎஸ்பி32இல் ஓட்டி, துருவங்கள் எங்கே நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். அதோடு தறிக்கூட உரிமையாளர், நாடாவை அடிக்கும் கட்டையான பிக்கிங் ஸ்டிக் பற்றி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "பிக்கிங் ஸ்டிக் உடையறதுக்கு முன்னாடியே சத்தத்துல தெரியுமாங்க?" என்று கேட்டார். ஒரு பக்கம் தேய்ந்தால் 1.15 ஹெர்ட்ஸ் கோடு வளர வேண்டும் என்பது எங்கள் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு ஆம் என்று சொல்ல முடியாது. உடைவதற்கு முந்தைய வாரங்களின் பதிவு வேண்டும், நல்ல தறியின் பதிவும் ஒப்பிட வேண்டும். இப்போது வாரம் ஒருமுறை, அதே போன், அதே இடம், அதே தறி என்று மாணவர்கள் இருவர் பதிவு எடுத்து வருகிறார்கள். நாடாவோ ஸ்டிக்கோ மாற்றிய நாளை உரிமையாளர் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துவைக்கிறார்.